ஐஸ் வைக்காமல் அனுப்பவும்

மார்ச் 4

தங்கைக்கு,

நேற்று மதிய பஸ்ஸில் நீ அனுப்பிய பெட்டி வந்தது. திறந்தால் ஐஸ் இல்லை, தண்ணீர் இருந்தது. அதில் ஆறு குப்பிகள் மிதந்தன. இரண்டில் ஒட்டியிருந்த தாளில் மை கரைந்து, எது கூகையின் எச்சம், எது கிளியின் எச்சம் என்பது கடவுளுக்கே வெளிச்சம். ஆறையும் கொட்டிவிட்டேன்.

உங்கள் விலங்குக் காப்பகத்தின் கதவில் நான் ஒட்டி வைத்த தாள் இன்னும் இருக்கிறதா, அல்லது அதையும் ஏதாவது குஞ்சுக்குப் படுக்கையாக விரித்துவிட்டாயா? 'ஐஸ் இல்லாமல் வரும் சாம்பிள் படிக்கப்படாது.' ஐந்தே சொற்கள். என் வீட்டுக்காரர் போன பிறகு இந்தப் பதினான்கு மாதங்களில் அந்த ஐந்து சொற்களை உனக்கு எத்தனை முறை நினைவூட்டியிருக்கிறேன் என்பது என் கடிதப் பிரதிகளில் இருக்கிறது.

போன வாரத்துக் குப்பிகளின் முடிவு இதோ. மலைப்பாம்பின் கழிவில் நீ பார்த்துப் பதறிய புழு முட்டைகள் பாம்புக்குச் சொந்தமானவை அல்ல. அவை எலியின் குடல்புழு முட்டைகள். எலியைத் தின்றது, எலிக்குள் இருந்தது அப்படியே வெளியே வருகிறது. பாம்புக்கு மருந்து தேவையில்லை. கொடுத்துவிடாதே. மாட்டுக்குப் போடும் புழு ஊசியை ஆமைகளுக்குப் போட்டு ஒரே நாளில் நான்கைக் கொன்றவள் நீ என்பதால் இதைத் தனியாக எழுத வேண்டியிருக்கிறது.

புறாக்களின் தொண்டையில் எடுத்த பஞ்சுக்குச்சிகள் முப்பத்திரண்டும் ஒழுங்காக ஐஸில் வந்தன. ஒட்டுண்ணி இல்லை. வேட்டைப் பறவைகளுக்குத் தீனியாகக் கொடுக்கலாம்.

போன் செய்யாதே. போனில் சொன்னதை நாளைக்கு நீயே மறுப்பாய். எனக்கு எழுத்தில் வேண்டும்.

உன் மூத்த ஓரகத்தி

*

மார்ச் 6

அக்காவுக்கு,

எனக்குப் பேசுற மாதிரிதான் எழுத வரும். உங்க கான்வென்ட் சிஸ்டர்கள் யாரும் என்னை அடிச்சு வளர்க்கல, பொறுத்துக்கோங்க.

ஐஸ் நான் வச்சுதான் அனுப்பினேன். பஸ் பாதி வழியில டயர் வெடிச்சு ரெண்டு மணி நேரம் வெயில்ல நின்னிருக்கு. கண்டக்டர் உங்ககிட்ட சொல்ல வாயெடுத்தாராம், நீங்க கதவைச் சாத்திட்டீங்களாம். கிளி எச்சத்தையும் கூகை எச்சத்தையும் பிரிச்சுச் சொல்ல எனக்கே தெரியும், கடவுள் வரைக்கும் போயிருக்க வேண்டாம்.

ஆமை விஷயம் மூணு வருஷம் ஆச்சு. பெரிய அத்தானே அன்னைக்கு என்னைத் திட்டல. "தெரியாம செஞ்சே, இனிமே தெரிஞ்சுக்கிட்டே"ன்னு சொல்லி, நாலையும் அவரே குழி வெட்டிப் புதைச்சார். நீங்க இன்னும் தோண்டி எடுத்துக்கிட்டே இருக்கீங்க.

இப்ப விஷயத்துக்கு வரேன். கூகைக் குஞ்சு ரெண்டு செத்துப்போச்சு. வாயைத் திறந்து பார்த்தா தொண்டைக்குள்ள மஞ்சளா, திரிஞ்ச பால் கட்டி மாதிரி அடைச்சிருக்கு. சுரண்டினா ரத்தம் வருது. புறா இறைச்சி தவிர அதுக்கு நான் வேற எதுவும் கொடுக்கல. புறாவுல எதுவும் இல்லைன்னு நீங்க எழுதியிருக்கீங்க. அப்ப இது எங்கிருந்து வந்தது?

புறாக் கூண்டுக்குப் பக்கத்து அறையில அத்தான் வச்சிருந்த சின்ன மைக்ரோஸ்கோப்பு இருந்திருந்தா நானே ஒரு தடவை பார்த்திருப்பேன். அவர் போன மறுவாரமே அதை வேன்ல ஏத்திக்கிட்டுப் போய்ட்டீங்க. மேஜையில அதோட நாலு கால் தடம் இன்னும் அப்படியே இருக்கு.

உங்க சின்ன ஓரகத்தி

*

மார்ச் 9

தங்கைக்கு,

மைக்ரோஸ்கோப்பு அவருடையது. அவருடையது என்றால் என்னுடையது. உன் மேஜையில் கால் தடம் இருந்தால் ஈரத்துணியால் துடை.

நீ விவரிப்பது புறாக்களிடமிருந்து வரும் தொண்டை நோய் போலத் தெரிகிறது. டிரைக்கோமோனாஸ் என்ற வாலாட்டும் ஒற்றைச் செல் ஒட்டுண்ணி. புறா அதைத் தொண்டையில் சுமந்துகொண்டு நன்றாகவே திரியும். அந்தப் புறாவைத் தின்னும் பறவைக்குத்தான் எமன். ஆனால் உன் புறாக்களிடம் அது இல்லை. பதிவேட்டில் இருநூற்றுப் பதினோராம் பக்கம். முப்பத்திரண்டு குச்சிகள், முப்பத்திரண்டு 'இல்லை'. முந்தைய மாதமும் அப்படியே. பதினான்கு மாதமாக அப்படியே.

ஆகவே மூன்றில் ஒன்று நடந்திருக்கிறது. தண்ணீர்க் கிண்ணங்களை நீ கழுவவில்லை. அல்லது அது வெறும் பூஞ்சை. அல்லது கூண்டில் வளர்த்த புறா தீர்ந்துபோய், சந்தையில் கிடைத்ததை வாங்கி வந்து வெட்டிப் போட்டிருக்கிறாய். கடைசியானதுதான் என்று நினைக்கிறேன். உண்மையை எழுது.

செத்த குஞ்சின் தொண்டையில் குச்சி எடுத்திருந்தால் ஐஸில் வைத்து அனுப்பு.

உன் மூத்த ஓரகத்தி

*

மார்ச் 12

அக்காவுக்கு,

சந்தைப் புறாவா! எட்டு ஜோடியில ஆரம்பிச்சு இன்னைக்கு நூத்திப் பத்து. ஒவ்வொண்ணுக்கும் கால் வளையம் நான் போட்டது. வெளிப் புறா ஒண்ணு எங்க கூரையில உட்கார்ந்தாலே உங்க கொழுந்தனார் துடைப்பத்தைத் தூக்கிக்கிட்டு ஓடுவார். கிண்ணம் தினம் ரெண்டு தடவை வெந்நீர்ல கழுவுறேன். நம்பலைன்னா வந்து பாருங்க. பதினாலு மாசமா ஒரு தடவை எட்டிப் பார்க்கல. உட்கார்ந்த இடத்துலேர்ந்து தீர்ப்பு மட்டும் வருது.

குச்சி ஐஸ்ல வச்சிருக்கேன், பாருங்க. குஞ்சோடது இல்ல. மாப்பிள்ளையோடது.

ஆமா, மாப்பிள்ளைக்கு வந்துடுச்சு. ஒன்பது மாசம் முன்னாடி இறக்கை ஒடிஞ்சு வந்த வல்லூறு. அத்தான் இருந்திருந்தா தலையில தூக்கி வச்சுக்கிட்டிருப்பார். யார் போனாலும் முகத்தைத் திருப்பிக்கிட்டு, பரிமாறினாத்தான் சாப்பிடுவேன்னு முறுக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும்னு நான்தான் அந்தப் பேரை வச்சேன். எலும்பு கூடி, பெரிய கூண்டுல இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அம்பு மாதிரி பறக்க ஆரம்பிச்சது. இருபத்தெட்டாம் தேதி மலைமேல கொண்டுபோய் விடறதா இருந்தோம். முந்தாநாள்லேர்ந்து இறைச்சியைக் கொத்துது, தலையை உதறுது, கீழே போடுது. தொண்டையில அதே மஞ்சள்.

மருந்து வனத்துறை ஆபீஸ் டாக்டர்கிட்ட இருக்கு. போய்க் கேட்டேன். "காப்பகத்து ஸ்லைடு படிக்கிறவங்க இருக்குன்னு எழுதிக் கொடுக்கட்டும், அடுத்த நிமிஷம் தரேன். போன வாரம்தான் இல்லைன்னு அவங்க கையெழுத்துப் போட்டிருக்காங்களே"ன்னு காகிதத்தை என் முகத்துக்கு நேரா நீட்டுறார்.

உங்க ஒரு வரி போதும். இருக்குன்னு எழுதுங்க. மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு மூணு நாள்தான் தாங்கும்.

சின்னவள்

*

மார்ச் 13

தங்கைக்கு,

பெட்டி ஐஸோடு, முறையாக வந்தது. குச்சியை உப்பு நீரில் கலக்கி நான்கு ஸ்லைடு போட்டேன். இரண்டு மணி நேரம் பார்த்தேன். எதுவும் அசையவில்லை. உருண்டை உருண்டையாகச் செல்கள் கிடக்கின்றன. சீழ் என்றாலும் அப்படித்தான் இருக்கும். இருக்கிறது என்று என்னால் எழுத முடியாது.

எங்களுக்கு அறிவியல் எடுத்த சிஸ்டர் முதல் வகுப்பிலேயே சொன்னார்: "பார்த்ததை எழுது. நினைத்ததை எழுதாதே." ஐம்பத்தெட்டு வருடமாக அதை மீறியதில்லை. உனக்கு ஒரு பறவை வேண்டும் என்பதற்காக இன்று மீறமாட்டேன்.

எனக்கு இரக்கம் இல்லை என்று இதற்கும் சொல்வாய். அவர் போன அன்று அத்தனை பேர் முன்னால் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "மனுஷன் பக்கத்து ரூம்ல நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்திருக்கார், இவங்க புழு முட்டை எண்ணிக்கிட்டு இருந்திருக்காங்க." அவர் என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் எழுந்து போயிருப்பேன். இதை உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. இருந்தாலும் எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

உன் மூத்த ஓரகத்தி

*

மார்ச் 14, காலை

அக்காவுக்கு,

விடியற்காலை புறாக் கூண்டு பக்கம் நின்னுக்கிட்டிருந்தப்போ ஒண்ணு ஞாபகம் வந்தது. இத்தனை நாள் அதை அத்தானோட கிறுக்குன்னுதான் நினைச்சிருந்தேன்.

அவர் புறா தொண்டையில குச்சி எடுத்தா, சின்னக் குழாய்ல போட்டு மூடி, சட்டை பொத்தானைக் கழட்டி அதைக் கக்கத்துல இடுக்கிக்குவார். கையை ஒட்டினாப்புல வச்சுக்கிட்டுப் பக்கத்து அறைக்கு ஓடுவார். நான் ஒரு நாள் சிரிச்சேன். "என்ன அத்தான், புறாவுக்குக் காய்ச்சல் பார்க்கிறீங்களா?" அதுக்கு அவர், "சிரிக்காதே, சூடு ஆறினா இது அசையறதை நிறுத்திடும். அசையலைன்னா எமனே வந்து பார்த்தாலும் சீழுக்கும் இதுக்கும் வித்தியாசம் தெரியாது"ன்னார்.

எச்சம் எப்பவும் உங்ககிட்ட ஐஸ்ல வரும். தொண்டை மட்டும் அவரே சுடச்சுட அங்கேயே பார்ப்பார். அதுக்குத்தான் அந்தச் சின்ன மைக்ரோஸ்கோப்பு கூண்டுக்குப் பக்கத்துலயே இருந்தது. அதை நீங்க எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் தொண்டையும் ஐஸ்ல வர ஆரம்பிச்சது. ஏன்னா கதவுல உங்க தாள் ஒட்டியிருக்கு.

தாள் ஐஸ்ங்குது. அத்தான் கக்கம்ங்கிறார். எது சரின்னு நீங்களே சொல்லுங்க.

சின்னவள்

*

மார்ச் 14, மாலை

ஒரு புறாவை உயிரோடு அனுப்பு. கூடையில் வைத்து, மேலே துணி கட்டி, நாளைக் காலை முதல் பஸ்ஸில். ஐஸ் வைக்காதே.

உன் நினைவு தவறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். இருந்தாலும் பார்த்துவிடுகிறேன்.

*

மார்ச் 15, காலை

அக்கா, கால் வளையம் நாற்பத்தாறு. கையை வச்சா கொத்தும். மாப்பிள்ளை ராத்திரி முழுக்கத் தண்ணிகூடக் குடிக்கல. உங்க கொழுந்தனார் ஆபீஸ் டாக்டர் வாசல்ல வேனோட நிக்கிறார். நீங்க எழுதறதைக் கண்டக்டர் கையில கொடுத்துடுங்க, அவர் நேரா அங்கே இறக்கிடுவார்.

*

மார்ச் 15, காலை 10.40

ஆய்வுக் குறிப்பு

புறா, வளையம் 46. தொண்டைக் குச்சி, எடுத்த ஒரு நிமிடத்துக்குள் பார்க்கப்பட்டது. டிரைக்கோமோனாஸ் இருக்கிறது. ஒரே பார்வையில் இருபதுக்கு மேல். எல்லாம் அசைகின்றன. நான்காவது நிமிடம், ஸ்லைடு ஆறியதும், பாதி நின்றுவிட்டன. அதன் பிறகு நானே என்றாலும் அவற்றைச் செல் என்றுதான் எழுதியிருப்பேன்.

காப்பகத்தில் புறா தின்ற எல்லா வேட்டைப் பறவைகளுக்கும் உடனே மருந்து தேவை. என் முந்தைய அறிக்கைகளைப் பொருட்படுத்த வேண்டாம்.

(கையொப்பம்)

தங்கைக்கு: இனி புறா இறைச்சியை முழுதாக உறைய வைத்து, பிறகு உருக்கிக் கொடு. உறைந்தால் செத்துவிடும். ஐஸ் அதற்குத்தான் வேண்டியிருந்தது. நாற்பத்தாறு கொத்தியது. கையில் இரண்டு இடத்தில்.

*

மார்ச் 17

அக்காவுக்கு,

உங்க குறிப்பு பன்னிரண்டே காலுக்கு டாக்டர் கைக்குப் போச்சு. ஒண்ணரைக்கு மருந்து என் கையில. மாப்பிள்ளை பன்னிரண்டு மணிக்கே போயிடுச்சு. கம்பியில உட்கார்ந்த இடத்துலேர்ந்து பொத்துன்னு விழல. மெதுவா இறங்கி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிட்டு, அப்படியே. கடைசி வரைக்கும் முறுக்கு.

மத்த ஏழுக்கும் மருந்து கொடுத்தாச்சு. பெரிய கூகை இன்னைக்குச் சாப்பிட்டது. மத்ததும் பிழைச்சுக்கும்னு டாக்டர் சொல்றார்.

நீங்க பார்த்ததைத்தான் எழுதுவீங்க, சரி. ரெண்டு தடவையும் நீங்க எண்ணி முடிக்கிற வரைக்கும் காத்திருந்தவங்கதான் செத்துப் போனாங்க.

நாற்பத்தாறைத் திருப்பி அனுப்புங்க. ஜோடி தேடுது.

*

மார்ச் 22

தங்கைக்கு,

நாற்பத்தாறு இந்தப் பஸ்ஸில் வருகிறது. மருந்து நானே கொடுத்துவிட்டேன். ஒரு வாரமாக என் சாப்பாட்டு மேஜைக்கு அடியில் இருந்தது. அதைப் பற்றி வேறு எதுவும் எழுதுவதற்கில்லை.

உன் கடைசிக் கடிதத்தில் ஒரு வாக்கியத்தைப் பலமுறை படித்தேன். அதற்குப் பதில் எழுதப் போவதில்லை.

பதிவேட்டைத் திருத்தியிருக்கிறேன். பதினான்கு மாதம், நானூற்று முப்பது தொண்டைக் குச்சிகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று எழுதியிருந்தேன். சிவப்பு மையில் அடித்து 'பார்க்கவில்லை' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன். மூன்று நாள் ஆயிற்று. அன்றும் எதுவும் அசையவில்லை என்று மட்டும்தான் பார்த்தேன். 'இல்லை' என்பது நான் நினைத்தது. சிஸ்டர் உயிரோடு இருந்தால் என் பக்கம் பேசியிருக்கமாட்டார்.

அவர் கக்கத்தில் குச்சி வைப்பது எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து அவர் தொண்டைகளைப் பற்றிப் பேசியதில்லை, நான் கேட்டதும் இல்லை. எச்சம் எனக்கு, தொண்டை அவருக்கு என்று முப்பது வருடம் பிரித்து வைத்திருந்தோம். அவர் போனதும் தொண்டையையும் நான் எடுத்துக்கொண்டேன். உன்னிடம் விட மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

இனி மிச்சம் இருப்பது இதைவிடப் பெரியது. இந்தப் பதினான்கு மாதத்தில் புறா தின்று குணமாகி, என் கையெழுத்தோடு வெளியே விடப்பட்ட பறவைகள் பதினொன்று என்று என் பிரதிகள் சொல்கின்றன. மூன்று பருந்து, ஆறு கூகை, இரண்டு வல்லூறு. அவை தொண்டையில் எதைச் சுமந்துகொண்டு போயின, எந்தக் கூட்டில் எந்தக் குஞ்சுக்கு ஊட்டின என்று எனக்குத் தெரியாது. எங்கெங்கே விட்டீர்கள் என்ற பட்டியல் வேண்டும். தேதியோடு, தெளிவாக.

சின்ன மைக்ரோஸ்கோப்பைத் தனிப் பெட்டியில் அனுப்புகிறேன். பஞ்சில் பொதிந்திருக்கிறது. கண்டக்டரை மடியில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். கதவில் இருக்கும் தாளைக் கிழித்துவிடு.

உன் மூத்த ஓரகத்தி

*

மார்ச் 25

அக்காவுக்கு,

மைக்ரோஸ்கோப்பு வந்தது. நாலு காலும் அந்தத் தடத்துலயே உட்கார்ந்துடுச்சு. நல்லவேளை துடைக்கல. ஆனா லென்ஸ்ல ஒரு விரல் தூசி. ஒரு கண்ணாடியைத் துடைக்காம எனக்கு அனுப்பியிருக்கீங்கன்னு சொன்னா ஊர்ல யாரும் நம்பமாட்டாங்க. திறக்கவே இல்லையா அதை?

பட்டியல் பின்பக்கம் இருக்கு. நாலு பருந்து இடம் சரியாத் தெரியல, ஆத்தோரம்னு மட்டும் எழுதியிருக்கேன். மூணுன்னு நீங்க எழுதினது தப்பு, நாலு. உங்க பிரதியிலயும் தப்பு வரும்போல. அப்ப மொத்தம் பன்னிரண்டு. உங்க கொழுந்தனார் வேன்ல போய் ஒவ்வொரு இடமாப் பார்க்கிறேங்கிறார். கூட யாராவது வேணும், எனக்குக் காப்பகத்தை விட்டு நகர முடியாது. "நீங்க ரெண்டு பேரும் நேர்ல பேசிக்கிட்டா அந்தப் பஸ் கம்பெனியையே மூடிடுவான்"னு அவர் ஒரு ஜோக்கும் அடிச்சார். நான் சிரிக்கல.

அந்த வாக்கியத்தை நான் எழுதியிருக்கக் கூடாது. அடிச்சுத் திருத்தவும் மாட்டேன், கோபத்துல எழுதினாலும் எழுதினது எழுதினதுதான். ஆமை நாலு என் பேர்ல இருக்கிற மாதிரி அதுவும் என் பேர்ல இருக்கட்டும்.

செவ்வாய்க்கிழமை நூத்திப் பத்துப் புறாவுக்கும் தொண்டை பார்க்கணும். நான் லென்ஸ்ல கண்ணை வச்சா என் கண்ணிமைதான் தெரியுது. தாளை நான் கிழிக்கல. ஒட்டினவங்க வந்து கிழிக்கட்டும்.

சின்னவள்

*

மார்ச் 27

தங்கைக்கு,

செவ்வாய்க்கிழமை ஏழு மணி பஸ்ஸில் வருகிறேன். என் நாற்காலியைக் கொண்டு வருகிறேன், உன் முக்காலியில் முதுகு நிற்காது. மதியச் சாப்பாடு கட்டிக்கொண்டு வருகிறேன், எனக்காக உலை வைக்காதே. அவரைப் பற்றிப் பேச வேண்டாம். பேசினால் அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன். வேனில் பன்னிரண்டு இடத்துக்கும் போவது பற்றி உன் வீட்டுக்காரரிடம் நானே பேசிக்கொள்கிறேன்.

நாலு பருந்து என்பது சரி. சரிபார்த்தேன்.

அன்று நாற்பத்தாறின் குச்சியை நானும் கக்கத்தில் வைத்துத்தான் பார்த்தேன், இரண்டாம் முறை. மேஜையிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான். அதற்குள் ஆறிவிட்டது. எழுபத்து நான்கு வயதில் உடம்பில் அவ்வளவு சூடு இல்லை. ஆகவே நான் லென்ஸில் உட்காருகிறேன். குச்சியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓடி வருவது உன் வேலை.

ஓடி வா. நடந்து வந்தால் படிக்கமாட்டேன்.

உன் மூத்த ஓரகத்தி